மாடி ஆடும் கணக்கை மறைக்காதீர்கள்

காற்றடித்தால் உயரமான கட்டடம் ஆடும். அது இயற்கை, அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எவ்வளவு ஆடும், அந்த ஆட்டம் உள்ளே படுத்திருப்பவரின் உடம்புக்கு எப்படித் தெரியும் என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அப்படியிருக்க, அந்தக் கணக்கைக் கட்டடம் தேறும்படி வளைத்துப் போடுவதும், போட்டதைக் கோப்புக்குள் புதைப்பதும், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குகிறவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதும் குற்றம். உயர்மாடிக் குடியிருப்புகளை வடிவமைக்கிறவர்கள், கட்டி விற்கிறவர்கள், அனுமதி கொடுக்கிறவர்கள் ஆகிய மூன்று தரப்பாரையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

சென்னையில் ஓ.எம்.ஆர். நெடுகிலும் முப்பது, நாற்பது மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. இன்னும் பல எழப்போகின்றன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டியதை உயர்மாடிக் கட்டடம் என்று வகுத்து, அதற்குத் தளப்பரப்புக் குறியீட்டை 3.25 ஆக உயர்த்தித் தந்தன. இடம் குறைவு, ஆள் அதிகம். மேலே போகத்தான் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மேலே போகச் சொன்ன அரசுக்கு, மேலே குடியேறுகிறவர் புயல் நாளில் என்ன பாடுபடுவார் என்று கேட்கும் கடமையும் உண்டு. இந்தியக் காற்றுச்சுமைத் தரவிதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்றுவேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறித்திருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். டெல்லிக்கு 47, மும்பைக்கு 44, பெங்களூருக்கு 33. ஆக, பெங்களூரில் நிற்கும் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து சென்னைக் கடலோரத்தில் நட்டுவிட முடியாது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் நகரத்தின் மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் குழப்பத்தின் பின்னால்தான் பலர் ஒளிந்துகொள்கிறார்கள். "கட்டடம் பாதுகாப்பானது, விழாது" என்பது ஒரு விஷயம். "கட்டடத்தில் குடியிருக்க முடியும்" என்பது வேறு விஷயம். முதலாவது வலிமையைப் பற்றியது. இரண்டாவது முடுக்கத்தைப் பற்றியது. பஸ் ஒரே சீராக ஓடும்போது அதன் வேகம் நமக்குத் தெரிவதில்லை. டிரைவர் பிரேக் போடும்போதுதான் உடம்பு முன்னால் சாய்கிறது. வேகம் மாறுகிற விகிதத்தைத்தான், அதாவது முடுக்கத்தைத்தான், நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. காற்றில் ஆடும் கட்டடம் ஒவ்வொரு சில விநாடிக்கும் ஒரு பக்கம் போய், நின்று, மறுபக்கம் திரும்புகிறது. இந்தத் திருப்பம் மணிக்கணக்கில் ஓயாமல் நடக்கும். கழிப்பறைக் கோப்பையில் நீர் தளும்பும். தொங்கும் விளக்கு மெல்ல வட்டமிடும். கதவுச் சட்டமும் பொய்க்கூரையும் முனகும். கட்டடம் முழுப் பாதுகாப்போடு நிற்கும். உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும், குமட்டும்.

நம் நாட்டில் இதற்கு விதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2017இல் வெளிவந்த ஐ.எஸ். 16700, 50 மீட்டருக்கு மேல் 250 மீட்டர் வரையிலான கான்கிரீட் கட்டடங்களுக்கானது. பத்தாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய காற்றில், ஆட்கள் புழங்கும் உச்சித் தளத்தில், குடியிருப்பாக இருந்தால் முடுக்கம் சதுர விநாடிக்கு 0.15 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றும், வணிகக் கட்டடமாக இருந்தால் 0.25ஐத் தாண்டக்கூடாது என்றும் அது எல்லை வகுத்தது. 0.15 என்பது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரைச் சதவீதம். பெரும்பாலோர் அசைவை உணரத் தொடங்குவது அரைச் சதவீதம் அளவில். ஆக, விதி அனுமதிக்கும் எல்லையே உணரக்கூடியதைப்போல் மூன்று மடங்கு. பத்தாண்டுக்கு ஒருமுறைதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்பது இதன் நியாயம். அந்த நியாயத்தை ஏற்கலாம். ஆனால் கணக்கு நேர்மையாக இருந்தால் மட்டுமே ஏற்கலாம்.

நேர்மை எங்கே நழுவுகிறது என்பதை ஒரு மாதிரிக் கட்டடத்தை வைத்துப் பார்ப்போம். உயரம் 145 மீட்டர், காற்றை எதிர்கொள்ளும் அகலமும் ஆழமும் 20 மீட்டர். மனை சிறிதாக இருக்கும் இடங்களில் எழும் ஒல்லியான கோபுரம்.

முதலில் அலைவு நேரம். கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கு முழுவதற்கும் ஆணிவேர். வேறு தரவு இல்லாதபோது உயரத்தை 0.09ஆல் பெருக்கி, ஆழத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளலாம் என்று ஐ.எஸ். 875 வழிவிடுகிறது. நம் கட்டடத்துக்கு அது 2.9 விநாடி தருகிறது. இதே சூத்திரம் நிலநடுக்கத் தரவிதியிலும் உண்டு. அங்கே அது வேண்டுமென்றே குறைவான நேரத்தைத் தருவதற்காக அமைந்தது. நேரம் குறைந்தால் நிலநடுக்க விசை கூடும், வடிவமைப்பு பத்திரமான பக்கம் சாயும். காற்றுக்கு நிலைமை நேர் எதிர். நேரம் குறைந்தால் கட்டடம் விறைப்பானது என்று கணக்கு நம்பிவிடும். முடுக்கம் குறைவாக வரும். வடிவமைப்பு ஆபத்தான பக்கம் சாயும். நிலநடுக்கத்துக்கு முன்னெச்சரிக்கையாக இருப்பது காற்றுக்கு ஏமாற்று ஆகிவிடுகிறது. அதே கட்டடத்தைக் கணினியில் முழு மாதிரியாக அமைத்து, கான்கிரீட்டில் விழும் நுண்வெடிப்புகளையும் சேர்த்து ஆராய்ந்தால் 4.5 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு ஒல்லியான கட்டடத்துக்கு இது வியப்பான எண் அல்ல.

இதன் விளைவு என்ன? காற்று ஒரு கட்டடத்தைச் சுற்றிச் செல்லும்போது இரு பக்கங்களிலும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. ஒவ்வொரு சுழலும் கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சுழல்களின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றாகும்போது ஆட்டம் மளமளவென்று ஏறும். சுழல்களின் தாளத்தைக் காற்றுவேகத்தோடு இணைக்கும் எண்ணுக்கு ஸ்ட்ரூஹால் எண் என்று பெயர்; சதுரக் கட்டடத்துக்கு ஐ.எஸ். 875 தருவது 0.1. அதை வைத்துக் கணக்கிட்டால், 2.9 விநாடிக் கட்டடத்தில் இந்த ஒத்திசைவு நிகழ உச்சியில் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகச் சீரான காற்று வேண்டும். வரவே வராது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். 4.5 விநாடிக் கட்டடத்துக்கு 160 கிலோமீட்டரே போதும். அந்த வேகத்தை எட்டும் முன்பே பக்கவாட்டு ஆட்டம் கூடத் தொடங்கிவிடும். ஒரே கட்டடம், ஒரே காற்று, அலைவு நேரத்துக்கு எந்தச் சூத்திரத்தை எடுத்தோம் என்பது மட்டும்தான் வேறு. உயரமான, ஒல்லியான கட்டடங்களில் காற்று வீசும் திசையில் வரும் அசைவைவிட அதற்குக் குறுக்கே வரும் அசைவுதான் பெரும்பாலும் மிகுதி. இருந்தும் காற்றுத் திசையை மட்டும் கணக்கிட்டு, குறுக்கசைவையும் முறுக்கசைவையும் தொடாமல் கையெழுத்திடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலை வீட்டுக்காரர் ஜன்னல் வழியே அடிவானத்தைப் பார்த்தால் கட்டடம் முறுக்கிக்கொள்வதைக் கண்ணாலேயே காண்பார். மூன்றையும் சேர்த்து, உச்சித் தளத்தின் மூலையில் என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. மற்றதெல்லாம் கண்துடைப்பு.

அடுத்தது தணிப்பு. ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான அளவு இது. கான்கிரீட்டுக்கு 2 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்று தரவிதி சொல்கிறது. ஆனால் தணிப்பு என்பது கட்டடத்தின் உயரத்தையும் அசைவின் அளவையும் பொறுத்து மாறுவது. ஜப்பானில் கட்டி முடித்த கட்டடங்களில் அளந்து திரட்டிய தரவுகள், உயரம் கூடக் கூடத் தணிப்பு குறைகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. வசதியைச் சோதிக்கும் சிறிய அசைவுகளில் உயரமான கட்டடங்கள் பலவற்றுக்கு 1 சதவீதமே கிடைக்கிறது. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஒத்திசைவு முடுக்கம் தணிப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 2 சதவீதம் என்று போட்டு 0.12 வந்த கட்டடத்தில், 1 சதவீதம் என்று திருத்தினால் 0.17 வரும். எல்லை 0.15. முதல் எண்ணில் தேறிய கட்டடம் இரண்டாவது எண்ணில் தோற்றுவிட்டது. ஒரு செங்கல்லும் மாறவில்லை.

இன்னொரு சாக்கும் உண்டு. "இடப்பெயர்ச்சி உயரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குக்குள் இருக்கிறது, எல்லாம் சரி" என்பார்கள். நம் கட்டடத்துக்கு அது 29 சென்டிமீட்டர். இந்த எல்லை சுவரும் கண்ணாடியும் விரிசல் விடாமல் இருப்பதற்கும், கட்டடத்தின் விறைப்புக்கும் ஆனது, மனிதருக்கானதல்ல. 4.5 விநாடிக் கட்டடம் நடுநிலையிலிருந்து இருபக்கமும் 8 சென்டிமீட்டர் ஆடினாலே முடுக்கம் 0.15ஐ எட்டிவிடும். அதே 8 சென்டிமீட்டரை 3 விநாடிக் கட்டடம் ஆடினால் முடுக்கம் 0.35. இடப்பெயர்ச்சி ஒன்றே, ஒன்றில் முகம் சுளிப்பார்கள், மற்றதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதைத் தெரிந்தும் இடப்பெயர்ச்சிக் கணக்கைக் காட்டி வசதிக்குச் சான்று கொடுப்பவர் தம் தொழிலுக்குத் துரோகம் செய்கிறார். தெரியாமல் கொடுப்பவர் அந்தக் கையெழுத்தைப் போடும் தகுதி இல்லாதவர்.

தரவிதியையும் கேள்வி கேட்காமல் விடுவதற்கில்லை. மனித உடம்பு எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. உயரமான கட்டடங்கள் ஆடும் நெடுக்கத்தில், தாளம் விரைவாக ஆக ஆக, குறைந்த முடுக்கமே தொந்தரவு தருகிறது. அதனால்தான் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10137 அதிர்வெண்ணுக்கேற்ப வளைந்து போகும் எல்லைக்கோட்டைத் தருகிறது. வீட்டுக்கு அலுவலகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான எல்லையை வைக்கிறது. பத்தாண்டுக் காற்றை அல்ல, ஆண்டுக்கொருமுறை வரும் காற்றைக் கொண்டு சோதிக்கச் சொல்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு முக்கியம். குடியிருப்பவரின் பொறுமையைத் தின்பது பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரும்புயல் அல்ல; ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வோர் ஆண்டும் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுமண்டலங்கள். 2017இல் நாம் எல்லா அதிர்வெண்ணுக்கும் சேர்த்து ஒற்றை எண்ணை, ஒற்றைக் காலவரையறையோடு விதித்துவிட்டோம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆண்டுக் காற்றுச் சோதனையையும் அதிர்வெண் சார்ந்த எல்லையையும் தரவிதியில் கட்டாயமாக்க வேண்டும். அத்துடன், காற்று வசதிக் கணக்குக்கு அந்த 0.09 சூத்திரத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஒரு வரி சேர்த்தால் போதும்.

"இதுவரை யாரும் புகார் செய்யவில்லையே" என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். நியூசிலாந்தின் வெலிங்டன், காற்றுக்குப் பேர்போன நகரம். அங்கே நகர மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து நடந்த ஆய்வில், கட்டடம் காற்றில் அசைவதை உணர்ந்திருப்பதாகச் சொன்னவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குத் தூக்கக் கலக்கம், வேலையில் மனம் ஒட்டாமை, சோர்வு. குமட்டல்வரை போகாத, மென்மையான பயண நோய் இது. பாதிக்கப்பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள், வெளியே போய் வந்தார்கள், மாத்திரை போட்டுக்கொண்டார்கள். முறையாகப் புகார் எழுதிக் கொடுத்தவர்கள் மிக மிகச் சிலர். அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்க வேண்டுமா? நம்மவருக்கு அந்தத் தலைசுற்றல் பித்தம். அந்தச் சோர்வு தூக்கமின்மை. கட்டடத்தைச் சந்தேகித்தவரும் வாயைத் திறக்க மாட்டார், ஏனென்றால் வெளியே தெரிந்தால் வீட்டின் விலை விழும். மௌனத்தைத் திருப்தி என்று எழுதிக்கொள்ளும் பில்டருக்கு இது வசதி.

1965இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் யூஜீன் நகரில் இலவசக் கண் பரிசோதனை என்று விளம்பரம் செய்தார்கள். வந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துச் சுவரில் இருக்கும் உருவங்களைப் பார்க்கச் சொன்னார்கள். அறையின் அடியில் ஹைட்ராலிக் இயந்திரம் மெல்ல மெல்ல அறையை ஆட்டத் தொடங்கியது. எந்த அளவு அசைவில் மனிதர் தலைசுற்றுகிறது என்று சொல்கிறார் என்பதுதான் உண்மையான சோதனை. உளவியலாளர் பால் ஹாஃப்மன் நடத்திய இந்தச் சோதனை நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்காக நடந்தது. மக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அசைவையே உணர்ந்துவிடுகிறார்கள் என்று தெரிந்ததும், பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சன் ஒவ்வொரு கோபுரத்திலும் ஏறக்குறைய 10,000 தணிப்பான்களைப் பொருத்தினார். உயரமான கட்டடத்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஆட்களிடம் உண்மையைச் சொல்லாமல் நடத்திய அந்தச் சோதனையை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் அவர்கள் அளந்தார்கள். அளந்ததை வைத்துக் கட்டடத்தைத் திருத்தினார்கள். நாம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அதே ஆடும் அறைக்குள் குடியேற்றுகிறோம். அளப்பதும் இல்லை, திருத்துவதும் இல்லை.

கட்டிய பிறகு திருத்துவது எவ்வளவு செலவு என்பதற்குச் சான்றுகள் வேண்டிய மட்டும் உண்டு. பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரம் 1970களில் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்ததற்காகப் பேர் கெட்டது. மேல் தளங்களில் இருந்தவர்களுக்குக் குமட்டல் வந்ததால் 58ஆம் தளத்தில் தலா 300 டன் எடையுள்ள இரண்டு தணிப்பான்களைப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டிவந்தது. 426 மீட்டர் உயரமுள்ள நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூவில் தணிப்பான்கள் இருந்தும், முனகல் சத்தம், காற்றில் நின்றுபோகும் லிஃப்ட் உள்ளிட்ட குறைகளை அடுக்கி, 12.5 கோடி டாலர் கேட்டு 2021இல் குடியிருப்போர் நிர்வாகமே வழக்குத் தொடுத்தது. அதே 2021 மே 18ஆம் தேதி சீனாவின் ஷென்சென் நகரில் எஸ்.இ.ஜி. பிளாசா குலுங்கியது. புயல் இல்லை; நிலநடுக்கம் இல்லை. உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். உச்சியில் இருந்த கம்பங்களைச் சுற்றிக் காற்றுச் சுழல்கள் கழன்ற தாளமும் கட்டடத்தின் சொந்தத் தாளமும் ஒத்துப்போனதுதான் காரணம் என்று ஆய்வு கண்டது. கம்பங்களைக் கழற்றினார்கள். கட்டடம் 2000ஆம் ஆண்டு முதல் நின்றுகொண்டிருந்தது. இருபது ஆண்டு தொந்தரவில்லாமல் இருந்தது என்பது எதற்கும் உத்தரவாதமல்ல.

முன்கூட்டியே யோசித்தால் செலவும் பெரிதல்ல. 2001இல் கட்டி முடித்த கனடாவின் வான்கூவர் நகரத்து ஒன் வால் சென்டரில், உச்சியில் உள்ள பெரிய நீர்த்தொட்டிகளையே தணிப்பான்களாக வடிவமைத்தார்கள். கட்டடம் ஒரு பக்கம் போகும்போது தொட்டி நீர் எதிர்ப்பக்கம் போய் ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதே நீர் தீயணைப்புக்கும் பயன்படுகிறது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லாத குடியிருப்பு சென்னையில் உண்டா? அந்தத் தொட்டியின் நீள அகலத்தையும் நீர்மட்டத்தையும் கட்டடத்தின் தாளத்துக்கு ஏற்ப அமைக்க வரைபடக் கட்டத்தில் சில வார வேலை போதும். மூலைகளை வெட்டி மழுக்குவது, உயரம் போகப் போக வெட்டுமுகத்தை மாற்றுவது, இவையெல்லாம் சுழல்களின் ஒழுங்கைக் குலைக்கும் எளிய வழிகள். காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பதற்கு வெளிநாடு போகவும் வேண்டாம். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலேயே அந்த வசதி இருக்கிறது, ஓ.எம்.ஆரில் கட்டுகிறவருக்கு அது கூப்பிடு தூரம். 150 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குச் சுரங்கச் சோதனை வேண்டும் என்று விதி இருப்பதால், 150ஐத் தொடாமல் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது என்ன தர்மம்? காற்று உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. 145 மீட்டர் உயரத்தில் 20 மீட்டர் அகலத்தில் நிற்கும் கோபுரம், 160 மீட்டர் உயரத்தில் 45 மீட்டர் அகலத்தில் நிற்பதைவிட மோசமாக ஆடக்கூடும். ஒரே வளாகத்தில் வரிசையாக நான்கைந்து கோபுரங்களை நிறுத்தும்போது முன்னால் நிற்பதன் சுழலில் பின்னால் நிற்பது மாட்டிக்கொள்ளும். சோதனைக்கு அளவுகோல் ஒல்லித்தன்மையும் அண்டைக் கட்டடமும் ஆக வேண்டும். உயரம் மட்டும் ஆகாது.

இனி விற்பனைக்கு வருவோம். நம் கோபம் உச்சத்துக்குப் போவது இங்கேதான். மாடி ஏற ஏறச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று ஃப்ளோர் ரைஸ் கட்டணம் வாங்குகிறார்கள். கடல் தெரியும், காற்று வரும் என்பது விளம்பரம். அந்தக் காற்றால் ஆட்டம் மாடிக்கு மாடி கூடுகிறது என்பதும், உச்சித் தளத்தில் அனுபவிப்பதில் ஏறக்குறைய பாதியைத்தான் நடுத்தளத்தில் இருப்பவர் அனுபவிப்பார் என்பதும் விளம்பரத்தில் இல்லை. அதிக விலை கொடுத்தவருக்கு அதிக ஆட்டம். இதைச் சொல்லி விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் மோசடிக்கு அடுத்த வீடு.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குகிறவருக்கு இரண்டு ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட வரைபடங்களையும் விவரக்குறிப்புகளையும் கேட்டுப் பெறும் உரிமையை 19ஆம் பிரிவு தருகிறது. கட்டமைப்புக் குறையோ, விற்பனை ஒப்பந்தப்படியான கடமை தவறியதோ ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவந்தால், பில்டர் முப்பது நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. ஆனால் பில்டர் பதிவுக்குத் தர வேண்டிய விவரங்களாக 4ஆம் பிரிவு அடுக்கும் பட்டியலில் முடுக்கத்துக்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் எந்த எண்ணையும் வாக்குறுதியாகத் தராதபோது, எதைத் தவறினார் என்று 14ஆம் பிரிவின்கீழ் வழக்காடுவது? "கட்டடம் ஆடத்தானே செய்யும் சார்" என்ற ஒரு வரியில் ஆளை அனுப்பிவிடலாம்.

ஆகவே தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் சி.எம்.டி.ஏ.வும் நகர ஊரமைப்பு இயக்ககமும் கூடிப்பேசிச் செய்ய வேண்டியவை இவை. 50 மீட்டரைத் தாண்டும் ஒவ்வொரு குடியிருப்பின் திட்ட அனுமதி மனுவோடும் காற்று வசதி அறிக்கை ஒன்று தனியாக வர வேண்டும். அதில் கணினி மாதிரியில் கிடைத்த அலைவு நேரம், எடுத்துக்கொண்ட தணிப்பு, ஆண்டுக் காற்றுக்கும் பத்தாண்டுக் காற்றுக்கும் உச்சித் தளத்தின் மூலையில் வரும் முடுக்கம், குறுக்கசைவையும் முறுக்கசைவையும் எந்த முறையில் சேர்த்தார்கள் என்ற விளக்கம், அதைப் போட்ட பொறியாளரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். தணிப்பு 1 சதவீதத்துக்கு மேல் என்று எடுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். அறிக்கையைத் திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்த அறிக்கை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்க வேண்டும். உச்சித் தளத்து எண்ணும், வாங்குகிறவரின் தளத்து எண்ணும் விற்பனை ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். அப்போதுதான் 14ஆம் பிரிவுக்குப் பல் முளைக்கும்.

கடைசியாக, கட்டி முடித்த பின் அளக்க வேண்டும். சிகாகோவில் 2002 முதல் மூன்று உயர்மாடிக் கட்டடங்களில் கருவிகளைப் பொருத்தி, வடிவமைப்பில் கணித்ததும் உண்மையில் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று நோட்ர டாம் பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். கணித்த எண்கள் எல்லா இடத்திலும் உண்மையோடு ஒட்டவில்லை. தணிப்பு அதில் முக்கியமான ஒன்று. உச்சித் தளத்தில் இரண்டு மூலைகளில் முடுக்கமானிகளை வைத்து இரண்டு வடகிழக்குப் பருவமழைக் காலங்களை அளக்க, ஒரு கோபுரத்தின் மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாத தொகைதான் ஆகும். அளந்த எண் ஒப்பந்த எண்ணைத் தாண்டினால் பில்டர் தணிப்பான் வைக்கட்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தரட்டும்.

கட்டமைப்புப் பொறியாளர்களுக்குத் தனியாக ஒன்று. கட்டணத்தை அடிமாட்டு விலைக்குப் பேசி, "போன வாரமே வரைபடம் வேண்டும்" என்று நெருக்கும் பில்டரிடம் நீங்கள் படும் பாடு தெரியாததல்ல. ஆனால் தணிப்பில் ஒரு சதவீதத்தைக் கூட்டிப் போடும்போது யாருடைய இரவுத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. அதனால்தான் உங்கள் பெயர் அந்தத் தாளில் வர வேண்டும் என்கிறோம்.

அரசு அசையும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து மாடிக்கு மேல் வீடு பார்க்கிறவர்கள், முன்பணத்துக்குக் காசோலை எழுதும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்தக் கட்டடத்தின் அலைவு நேரம் எத்தனை விநாடி, எந்த முறையில் கண்டது? தணிப்பு எத்தனை சதவீதம்? உச்சித் தளத்தில் பத்தாண்டுக் காற்றில் முடுக்கம் எவ்வளவு? குறுக்கசைவு அதில் அடங்கியிருக்கிறதா? பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். விற்பனை மேலாளர் சிரித்து மழுப்பினால், பதில் வரும்வரை காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.